ரொஹானியின் தாயைக் கூப்பிடு

அன்பு மகனுக்கு,

செய்தியை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பத்திரிகைத் தொழில் எனக்குப் பழக்கியிருக்கிறது. உன் உம்மா வரமாட்டாள். நீ அனுப்பிய விமானச் சீட்டை ரத்துச் செய்துவிடு. பிள்ளை பிறக்கிற நேரத்துக்கும் அதற்குப் பின் வருகிற நாற்பது நாளுக்கும் உங்கள் சின்ன வீட்டில் ஒரு மூத்த பெண் தங்கத்தான் இடம் இருக்கிறது என்று நீயே சொன்னாய். அந்த இடத்துக்கு ரொஹானியின் தாயைக் கூப்பிடு. இது என் முடிவு அல்ல, உன் உம்மாவின் முடிவு. நான் அதை எழுதிக் கொடுக்கிறவன் மட்டும்தான்.

பதறாதே. உம்மா நலமாக இருக்கிறாள். யாரோடும் கோபமும் இல்லை. நீ நல்ல செய்தி சொன்ன மறுநாளே புத்தளத்துக் கடைத்தெருவுக்குப் போய், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயச் சரக்கு வாங்கி, வெயிலில் காயவைத்து, இடித்து, சலித்து, போத்தலில் அடைத்து வைத்தவள் அவள். கடவுச்சீட்டுப் படத்துக்கு முகத்தை எப்படி வைப்பது என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தவளும் அவள்தான். தெருவில் அவள் சொல்லாத ஆள் பாக்கியில்லை. அப்படிப்பட்டவள் போகவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் அல்லவா? தொலைபேசியில் சொன்னால் நீ இடையில் புகுந்து, "வாப்பா, அது அப்படியில்ல" என்பாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. எல்லோரும் வாசிக்கிற பத்திரிகையில் எழுதுகிறேன் என்று வருத்தப்படாதே. நம் தில்லையடியில் பல வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வேறு பாஷை பேசுகிற மருமக்கள் வந்த வீடுகளும் உண்டு. அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான். உன் பெயரை நான் போடவில்லை. ரொஹானி என்பதும் நான் வைத்த பெயர்தான் என்பது உனக்குத் தெரியும்.

ஜொகூரிலிருந்து நீ கல்யாணப் பேச்சை எடுத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ வேலை செய்கிற மீன் பதனிடும் கம்பெனியிலேயே பொதி கட்டும் பகுதியில் வேலை செய்கிறாள், கடலோரத்துப் பிள்ளை, மலாய்க்காரி என்றாய். உம்மா இரண்டே கேள்விதான் கேட்டாள். "தொழுவாளா?" என்றாள். "ஓம் உம்மா" என்றாய். "சோறு தின்பாளா?" என்றாள். "மூணு நேரமும்." "அப்ப பிறகென்ன" என்று தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே போய் அழுதாள் என்பதை நீ அறிய மாட்டாய். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மலேசியாவில் தேங்காய் கிடைக்குமா என்று என்னிடம் விசாரித்தாள்.

மலாய்க்காரி என்று நீ சொன்னது பிழையல்ல. முழுவதும் சரியும் அல்ல. கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் விருந்துக்கு இங்கே வந்து தங்கியிருந்தபோது நான் கேட்டறிந்ததைக் கொண்டு சொல்கிறேன். ஆறுகள் கடலில் விழுகிற இடங்களில் தலைமுறை தலைமுறையாகத் தோணியிலும் சேற்றுக்கரையிலும் வாழ்ந்து வந்த சனம் அவளுடையது. ஜொகூரின் கரையிலும் நீரிணைக்கு அப்பால் சுமத்ராவின் கரையிலும் இருக்கிறார்கள். தங்களைத் துவானோ என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு பாஷை உண்டு. அது மலாய்க்குச் சொந்தம், ஆனால் மலாய் அல்ல. மலாய்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று கேட்டால் தெரிந்த சொல் நடுநடுவே வந்து போகும், பேச்சு பிடிபடாது. எத்தனை பேர் அதைப் பேசுகிறார்கள் என்று எழுதமாட்டேன். அந்தக் கணக்கு என் கையில் இல்லை. ரொஹானியின் கிராமத்தில் அவள் வயதுக்காரர்கள் பெரும்பாலும் மலாயிலேயே பேசுகிறார்களாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது சுத்தமாகத் தெரியாதாம். தாயோடு சேற்றுக்குப் போய் வளர்ந்ததால் இவளுக்கு வந்துவிட்டது.

இதையெல்லாம் அவள் தானாகச் சொல்லவில்லை. நான்தான் மோப்பம் பிடித்தேன். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் அவள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கிக்கும் மதிலுக்கும் இடையில் இருக்கிற ஒடுக்கத்துக்குப் போய்விடுவாள். தாயோடு பேசத்தான். நாம் இருக்கிறோம் என்று கூச்சப்படுகிறாள் என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் கை கழுவப் போனபோது அவள் பேசுவது காதில் விழுந்தது. உன்னோடு பேசுகிற மலாய் மாதிரி அது இல்லை. வேகம் வேறு, தொண்டையில் வெட்டி நிறுத்துகிற இடங்கள் வேறு, சிரிப்புக்கூட வேறு. என் செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சு நடுவழியில் மலாய்க்கு மாறிவிட்டது. வீதியில் பொலிஸைக் கண்டதும் மோட்டார் சைக்கிள்காரன் தலைக்கவசத்தை மாட்டுவானே, அந்த வேகத்தில். மறுநாளும் அப்படித்தான். உன்னிடம் கேட்டேன். "அது அவங்கட ஊர்ப் பாஷ வாப்பா, அதெ விடுங்க" என்றாய்.

அதை விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு வீட்டில் பேச்சுத்துணை வேண்டும் என்று எனக்குப் பட்டது. புத்தளம் டவுனில் இருக்கிற ஜாவா மாமியைக் கூட்டி வந்தேன். மலாய்க்காரரை நம் பக்கத்தில் ஜாவா என்றுதான் சொல்வார்கள். இலங்கையில் பிறந்து வளர்ந்த மலாய்க்காரி அவர். பொலிஸில் சார்ஜன்டாக இருந்த அவருடைய கணவரோடு, செய்திக்காகப் பொலிஸ் நிலையத்துக்கு அலைந்த காலத்தில் எனக்கு நல்ல பழக்கம். மலாயோடு மலாய் சேர்ந்தால் சரிதானே என்று கணக்குப் போட்டேன். யாரையும் கேட்காமல் செய்தி எழுதுகிற நிருபனின் கணக்கு அது. மாமி வெறுங்கையோடு வரவில்லை. ஒரு சட்டி நிறையப் பாபத் கறியும் பிட்டும் கொண்டு வந்தார். மாட்டுக் குடலை இவ்வளவு ருசியாகச் சமைக்கலாம் என்பதை நீயும் அன்றுதான் தெரிந்துகொண்டாய்.

சாப்பாட்டில் குறையில்லை, பேச்சில்தான் வில்லங்கம். இருவரும் ஆளுக்கொரு கதிரையில் நேராக உட்கார்ந்துகொண்டார்கள். மாமி தன் வீட்டு மலாயில் ஏதோ கேட்டார். ரொஹானி செய்தி வாசிக்கிறவள் மாதிரி சுத்தமான பள்ளிக்கூட மலாயில் பதில் சொன்னாள். மாமி முகம் சிவந்து, இன்னும் மெதுவாக, இன்னும் கவனமாகப் பேசினார். அவளும் இன்னும் கவனமானாள். கொஞ்ச நேரத்தில் பேச்சே நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பி மாமி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என்னட மலே ஒடஞ்ச மலே நானா. தமிழும் சிங்களமும் கலந்தது. இந்தப் புள்ள டிவியில வாற மாதிரிக் கதைக்குது. எனக்கு வெக்கமாப் போச்சு." அந்த நேரத்தில்தான் உம்மா நண்டுச் சட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள். நண்டைக் கண்டதும் ரொஹானி வாய்விட்டு ஒரு சொல் சொன்னாள். அது பள்ளிக்கூட மலாய்ச் சொல் அல்ல. சொன்ன கையோடு அவள் நண்டைப் பார்க்கவில்லை, மாமியைப் பார்க்கவில்லை, உன் முகத்தைப் பார்த்தாள். நீ புருவத்தைக் கொஞ்சம் தூக்கினாய், அவ்வளவுதான். அவள் உடனே மலாய்ச் சொல்லைச் சொல்லித் திருத்திக்கொண்டாள். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பிழைத்த தொழில் என்னுடையது. அந்தப் பார்வை எனக்குத் தப்பவில்லை. உம்மாவுக்கும் தப்பவில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ ஏன் புருவத்தைத் தூக்குகிறாய் என்பது எனக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தோம். நீ பிறந்ததே இங்கே ஓலைக்கொட்டில் முகாமில்தான். பள்ளிக்கூடத்துக்குப் போன புதிதில், வாயைத் திறந்தால் நம் மன்னார்ப் பேச்சின் இழுப்பை வைத்தே அகதி என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று வந்து சொன்னாய். ஒரு தவணை முடிவதற்குள் நீ வாசலுக்கு வெளியே புத்தளத்தான், வாசலுக்கு உள்ளே மன்னாரான். கடைக்கு உன்னோடு வந்தால் எனக்கே நீ வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும். உன் கெட்டித்தனத்தை நான் மெச்சினேன், இன்றைக்கும் மெச்சுகிறேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். நீ வெளியே எவ்வளவு மாறினாலும், திரும்பி வருவதற்கு ஒரு கொட்டில் இருந்தது. அதற்குள் உன் உம்மா இருந்தாள், மாமாமார் இருந்தார்கள், ஒரு முகாம் முழுக்க அந்த இழுப்பு இருந்தது. ரொஹானிக்குத் திரும்பி வருவதற்கு இருந்தது தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமும் ஒரு தொலைபேசியும்.

இனி நீ அறியாத ஒரு பகலைச் சொல்லப்போகிறேன். வந்த பயணத்தில் நீ அலுவலாகக் கொழும்புக்குப் போய் ஒரு இரவு தங்கினாய் அல்லவா, அந்த நாள். காலையில் ரொஹானி உம்மாவிடம் வந்து கையால் ஒரு நீளத்தைக் காட்டி, "பலகை, பலகை" என்றாள். நீ கற்றுக்கொடுத்த தமிழில் அந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. உம்மா பாண் வெட்டுகிற பலகையைக் கொடுத்தாள். இல்லை என்று தலையாட்டினாள். கதவைக் காட்டினாள், ஜன்னலைக் காட்டினாள், கடைசியில் அலுமாரியின் நடுத்தட்டைத் தொட்டுக் காட்டினாள். நம் அலுமாரியைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகாமை விட்டு இந்த வீட்டுக்கு வந்து உம்மா ஆசைப்பட்டு வாங்கிய முதல் சாமான் அது. ஈரத் துவாயை அதன்மேல் போட்டதற்காக நீ அடி வாங்கியிருக்கிறாய். உம்மா ஒரு கணம் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உடுப்புகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கிவிட்டு, தன் கையாலேயே தட்டைக் கழற்றிக் கொடுத்தாள். "ஏன் எதுக்கெண்டு கேக்க மாட்டியா?" என்றேன். "கேட்டா எனக்கு விளங்கவா போகுது?" என்றாள்.

அவள் கைகாட்டிய பக்கம் கடல்நீர் தேங்கி நிற்கிற களப்பு. உம்மா வீட்டில் நிற்க, ஜாவா மாமியையும் ஏற்றிக்கொண்டு திரீவீலில் அங்கே போனோம். பலகை குறுக்கே கிடக்க, நாங்கள் மூவரும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தோம். தண்ணீர் வற்றி, கண்டல் மரங்களுக்கு அப்பால் சேறு வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. ரொஹானி தாயைத் தொலைபேசியில் கூப்பிட்டு, படம் தெரிகிறபடி என் கையில் தந்தாள். பாவாடையை இறுக்கிக் கட்டினாள். பலகையைச் சேற்றில் வைத்து ஒரு முழங்காலை அதன்மேல் ஊன்றி, மற்றக் காலைச் சேற்றுக்குள் விட்டு உந்தினாள். பலகை ஒரு பக்கம் சரிந்தது. அவள் குப்புற விழுந்தாள். அப்போது தொலைபேசிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது பார். அந்தத் தாய் சிரித்த சிரிப்பில் தொலைபேசி என் பக்கம் திரும்பிவிட்டது. சிரித்து முடித்ததும் ஏச்சு. எனக்குத்தான் ஏச்சு என்று நினைக்கிறேன், ஏனென்றால் என் மூக்கைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்றா மாமி?" என்று கேட்டேன். "எனக்கு முழுக்க விளங்கல்ல நானா. போனெச் சரியாப் புடிக்கச் சொல்றா போல. ஒங்கட தாடியத்தான் பாத்திட்டிருக்கிறாவாம்" என்றார் மாமி.

இரண்டாவது தடவை பலகை வழுக்கிக்கொண்டு போயிற்று. மகனே, நான் இந்தக் களப்பைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறேன். இறால் பண்ணை, உப்பளம், கண்டல் வெட்டு, எதிர்க்கரையில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி எழுந்த கதை, எல்லாம் எழுதியாயிற்று. அந்தச் சேற்றின் மேல் ஒரு மனுஷி வழுக்கிப் போனதை நான் கண்டதில்லை. முழங்கால் புதைகிற இடத்தில் அவள் ஒரு கொக்கைப் போல லேசாகப் போய், குனிந்து, கையை விட்டு மட்டியை எடுத்துப் பலகையில் போட்டுக்கொண்டே நகர்ந்தாள். நான் அதைவிட வியந்தது அவள் குரலைத்தான். நம் வீட்டில் தண்ணீர் கேட்பதற்குக்கூட மெல்லப் பேசுகிறவள், சேற்றின் நடுவிலிருந்து தாயோடு கூவிப் பேசினாள். தாய் ஒன்று கேட்க இவள் ஒன்று சொல்ல, இவள் சொன்னதைத் தாய் திருத்த, திரும்ப இவள் மறுக்க, இரண்டு கரைக்கும் நடுவில் இருக்கிற சமுத்திரம் இல்லாமல் போய்விட்டது. கரையேறியதும் மாமி மூலம் கேட்டேன், என்ன அவ்வளவு சண்டை என்று. சேற்றைப் பற்றித்தானாம். ஆளைத் தாங்குகிற சேறு, காலைப் பிடித்துக்கொள்கிற சேறு, மேலே காய்ந்து உள்ளே ஏமாற்றுகிற சேறு என்று ஒவ்வொன்றுக்கும் அவர்கள் பாஷையில் ஒவ்வொரு பெயராம். நம் களப்பின் சேறு எந்த வகை என்பதில்தான் தாய்க்கும் மகளுக்கும் தகராறு. மலாயில் என்ன பெயர் என்று கேட்டேன். ஒரு சொல்லைச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதானாம். இதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை, அவள் சொன்னதாகவே எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சேறும் சிரிப்புமாக நின்ற ரொஹானியைப் பார்த்து ஜாவா மாமிக்கும் கூச்சம் விட்டுப்போயிற்று. மட்டியைக் காட்டித் தன் உடைந்த மலாயிலேயே, கொஞ்சமும் மெதுவாக்காமல், ஏதோ கேட்டார். ரொஹானி பள்ளிக்கூட மலாயை விட்டுவிட்டுத் தன் பாஷையும் மலாயும் கையும் கலந்து பதில் சொன்னாள். இவர் சொல்வதில் பாதி அவளுக்கு, அவள் சொல்வதில் பாதி இவருக்கு. மிச்சத்தைச் சிரித்துச் சமாளித்தார்கள். கதிரையில் ஓடாத பேச்சு சேற்றுக்கரையில், பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லும்வரை ஓடியது. தன் பாஷையைத் தாழ்வாக நினைத்த இரண்டு பேர், மற்றவள் பேசுவதுதான் சரி என்று பயந்துபோய் இருந்திருக்கிறார்கள். நானும் அவர்களைக் கதிரையில் உட்காரவைத்துப் பரீட்சை வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும், மட்டியை நம் தெருவில் யாரும் தின்ன மாட்டார்கள் என்று உம்மா கையை விரித்துவிட்டாள். மாமி எல்லாவற்றையும் தன் வீட்டுக்கே கொண்டுபோய்ச் சமைத்து, ரொஹானியைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

மறுநாள் நீ வந்தாய். அவள் குரல் பழையபடி தாங்கிக்குப் பின்னால் போய்விட்டது. அவளே உன்னிடம் சொல்லட்டும் என்று நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அவள் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

போன கிழமை நீ சொன்னதற்கு வருகிறேன். "புள்ளைக்குத் தமிழ், மலாய், இங்கிலீஷ், மூணு பாஷ போதும் வாப்பா. அவட ஊர்ப் பாஷ நாலு பேர் கதைக்கிறது. அதெப் படிச்சு என்ன செய்ற? பள்ளியில சிரிப்பாங்க" என்றாய். ரொஹானி என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "அவளும் ஓம் எண்டா" என்றாய். அவள் எப்படி ஓம் சொல்லியிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். நண்டுச் சட்டிக்கு முன்னால் அதைப் பார்த்திருக்கிறேன். பிறகு உம்மாவை அனுப்பச் சொன்னாய், சீட்டும் வந்தது. நான் உம்மாவிடம் எதையும் எடுத்துச் சொல்லவில்லை என்பதை நீ நம்ப வேண்டும். ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தோம், அவள் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான் போனா அந்தப் புள்ள என்னோட என்ன பாஷையில கதைப்பா?" என்று கேட்டாள். "சைகையிலதான். நீங்க ரெண்டு பேரும் அப்படித்தானே கதைச்சீங்க" என்றேன். "பலகை கேக்கிறதுக்குச் சைகை காணும். புள்ளையெப் பெத்துப் போட்டு உடம்பு நோகக் கிடக்கிற நேரம் அவ யாரோட சைகையில கதைக்கிற?" என்றாள். அவளே தொடர்ந்தாள். "இவன் பொறந்த நேரம் என்ட உம்மா கற்பிட்டிப் பக்கத்து முகாமுல. நான் இங்க. ஒரு களப்புத்தான் நடுவுல. வர ஏலாமப் போச்சு. இங்க உள்ள பொம்புளைகள் என்னெத் தங்கம் மாதிரிப் பாத்தாங்க. கதைச்சதும் தமிழ்தான். ஆனா என்ட உம்மாவோட கதைக்கிற கதையெக் கதைக்க ஆளில்ல." கடைசியாக, "அவட உம்மா போகட்டும். எழுதுங்க" என்றாள்.

அதை நான் மறுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். "உனக்கு ஆசை இல்லையா?" என்றேன். "இல்லாமலா கடவுச்சீட்டு எடுத்தேன்?" என்று என்மேல் பாய்ந்தாள். "அந்த நாற்பது நாளும் அவட உம்மா புள்ளையோட அந்தப் பாஷையில கதைச்சா, அது உன்னோட எப்பக் கதைக்கப்போகுது? உன்னெ வாப்பும்மாண்டு எப்பக் கூப்பிடப்போகுது?" என்று கேட்டேன். நான் கேட்டிருக்கக் கூடாது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கூப்பிடும் நேரம் கூப்பிடட்டும். எனக்குத் தமிழ் கதைக்க இந்தத் தெரு இருக்கு, இந்த ஊர் இருக்கு. அந்த மனுஷிக்கு யார் இருக்கா?"

இதற்கு மேல் ஒரு செய்தியாளன் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் தகப்பனாகக் கொஞ்சம் சேர்க்கிறேன். பிள்ளைக்கு மூன்று பாஷை என்று நீ எழுதிவைத்த பட்டியலில் தமிழ் இருப்பது எனக்குச் சந்தோஷம்தான். என் பேரப்பிள்ளை என் எழுத்தை வாசிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எவ்வளவு என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய். ஆனால் தமிழ் காத்திருக்கும். அதைப் பேசக் கோடிக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள். ஐந்து வயதில் தொடங்கினாலும் பத்து வயதில் தொடங்கினாலும் அது எங்கேயும் போய்விடாது. மலாயும் இங்கிலீஷும் நீ தடுத்தாலும் தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்துவிடும். காத்திருக்க முடியாதது ஒன்றுதான். அது இப்போது உன் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில், ஆற்றுமுகத்தில், ஒரு வயதான மனுஷியின் வாயில் இருக்கிறது. அதை ஒரு குழந்தையின் காதில் போட வல்லவர்கள் உங்கள் குடும்பத்தில் இரண்டே பேர். ஒருவர் அந்தத் தாய், மற்றவள் உன் மனைவி. நாலு பேர் கதைக்கிற பாஷை என்றாய். அப்படியே வைத்துக்கொள்வோம். ஐந்தாவது ஆளாக உன் பிள்ளை வரட்டுமே.

பள்ளியில் சிரிப்பார்கள் என்று பயப்படுகிறாய். சிரிக்கத்தான் செய்வார்கள். உன்னைப் பார்த்தும் சிரித்தார்கள். நீ அதனால் தேய்ந்தா போய்விட்டாய்? வாசலுக்கு வெளியே எப்படிப் பேச வேண்டும் என்பதை உன் பிள்ளையும் உன்னைப்போலக் கெட்டித்தனமாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். வாசலுக்கு உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதுதான் உன் கையில் இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் காதில் நீ பாங்கு சொல். சொல்லி முடித்ததும் அதைத் தாயின் கையில் கொடு. அவள் ஏதாவது பேசுவாள். என்ன பேசினாள் என்று கேட்காதே, புருவத்தையும் தூக்காதே. அவளுடைய தாய் வந்து கூவிப் பேசினால், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது என்று கதவைச் சாத்தாதே. எங்களுக்குத் தொலைபேசி எடுக்கும்போது அந்தச் சத்தம் பின்னால் கேட்டால், உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று உம்மாவும் நானும் அறிந்துகொள்வோம்.

காயச் சரக்குப் போத்தலை, அடுத்த மாதம் ஜொகூருக்குத் திரும்புகிற பக்கத்துத் தெருப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புகிறோம். எப்படிக் காய்ச்சுவது என்பதை உம்மா ஜாவா மாமியை வைத்து மலாயில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறாள். மாமி தன் உடைந்த மலாயிலேயே பேசியிருக்கிறார். ரொஹானியின் தாய்க்குப் பாதி விளங்கும், அது போதும்.

கடைசியாக ஒன்று. நம் அலுமாரியின் நடுத்தட்டு இன்றுவரை அதன் இடத்துக்குப் போகவில்லை. உடுப்பெல்லாம் கீழ்த்தட்டில் மலைபோலக் குவிந்து கிடக்கிறது. கதவைத் திறந்தால் சாரன் தலையில் விழுகிறது. தச்சனைக் கூப்பிடவா என்று நான் கேட்கும்போதெல்லாம் உம்மா வேண்டாம் என்கிறாள். பலகை பின்னால், தண்ணீர்த் தாங்கிக்கும் மதிலுக்கும் இடையில், ரொஹானி நின்று பேசிய இடத்தில் சாத்தியிருக்கிறது. களப்பின் உப்பு அதில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அன்றைக்குச் சேற்றில் பலகை சரிந்து அவள் விழுந்தபோது அந்தத் தாய் தொலைபேசியில் ஏசியதில் மிச்சம் ஒரு வரி இருந்தது. ஜாவா மாமி அதைக் கரையில் வைத்து ரொஹானியிடம் கேட்டு, வீட்டுக்கு வந்து உம்மாவுக்குச் சொன்னார்: "இந்தப் பலகை பெரிய ஆளுக்குக் காணாதாம் ராத்தா. சின்னப் புள்ளைக்குத்தான் சரியாம்."

அதனால்தான் அது அங்கே நிற்கிறது. பிள்ளை நடக்கத் தொடங்கியதும் கூட்டிக்கொண்டு வா. களப்புக்கு நான் கொண்டுபோகிறேன். சேற்றில் விழுந்தால் அது தன் உம்மாவைக் கூப்பிடட்டும். எந்தப் பாஷையில் கூப்பிட வேண்டுமோ அந்தப் பாஷையில் கூப்பிடட்டும். எனக்கு விளங்காது. தொலைபேசியை இந்த முறை சரியாகப் பிடித்துக்கொள்வேன்.

அன்புடன்,
உன் வாப்பா